முன் ஆக்சில் இல்லாமல் ஓடிய ஜீப்

பழைய சாக்கின் மேல் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்று கிரீஸ் வழியக் கிடந்தது. மாமா அதைச் சக்கரம் இருந்த இடத்திலிருந்து உருவியபோது, இவ்வளவு நீளமான இரும்புத் தண்டு உள்ளே எப்படி ஒளிந்திருந்தது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் முதலில் கண்ணுக்கு வருவது அந்தத் தண்டுதான். வாசனை அதற்குப் பிறகுதான் வருகிறது, கூடவே பயமும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கடலோரச் சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி விற்பவர். மணலில் சாதாரண வண்டிகள் புதைந்துவிடும் என்பதால், நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதை எந்த மெக்கானிக்கையும் தொட விடமாட்டார். ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுப்பார்கள் என்பது அவர் கட்சி. தோப்பில் படமெடுத்து நின்ற நல்ல பாம்பைத் தான் முறைத்துப் பார்த்ததும், அது வந்த வழியே திரும்பிப் போனதும் அவர் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பயம் என்பது பிறத்தியாருக்கு வருகிற சமாச்சாரம் என்ற நினைப்பு அவருக்கு. எனக்கோ எல்லாவற்றுக்கும் பயம். ஜாக்கியில் ஏற்றி வைத்த வண்டிக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டேன்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை விட்டால் அக்கா வீடு. அது கடலூருக்குத் தெற்கே, ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பின்பக்கம் இருந்தது. அழுகிய முட்டை வாசனை வந்தால் காற்று திரும்பியிருக்கிறது, நெயில் பாலிஷ் வாசனை வந்தால் மழை வரப்போகிறது என்று அங்கே சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான். அக்காவுக்கு மட்டும் அப்படிப் பழகவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. மருந்தை உறிஞ்சுகிற பம்ப் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும்.

அன்றைக்கு அதுவரை மாமா ஒரு பக்கத்தை மட்டும்தான் பிரித்திருந்தார். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் முன்னால் டக் டக் என்று சத்தம் வருகிறது என்று புது ஷாஃப்ட் இரண்டு வாங்கி வந்திருந்தார். அக்கா வாசலுக்கு வந்து நின்றாள்.

"இது தெனம் வர்ற வாசன இல்லீங்க. தொண்டைய அறுக்குது."

கிரீஸ் நாற்றம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மாமா. உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபக்கத்துச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார்.

இரண்டாவது ஷாஃப்ட்டும் சாக்குக்கு வந்து சேர்ந்த நேரத்தில் எனக்குக் கண் எரிய ஆரம்பித்தது. தெருவில் ஈரத் துண்டை வாயில் கட்டிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். எங்கேயோ வாயு கசிகிறது என்றார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் பைக்கில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, நடுவில் இரண்டு பிள்ளைகள். அவர் எங்களைப் பார்த்தார், பார்க்காத மாதிரி போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. அக்கா வாசற்படியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பம்ப்பை உறிஞ்சியும் கேட்கவில்லை. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அவளால் பத்தடி நடக்க முடியாது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், ஆனால் அது வரும்வரை அவள் தாங்குவாளா என்று தெரியவில்லை. எங்களிடம் இருந்த ஒரே வண்டி முன்சக்கரம் இரண்டும் இல்லாமல் ஜாக்கியில் நின்றது.

புது ஷாஃப்ட்டுகளுக்கு இன்னும் ஜாயிண்ட் ஏற்றவில்லை. அது பெரிய வேலை, பழையதைத் திரும்பச் செருகவும் நேரமில்லை. ஆக்சில் இல்லாமலே சக்கரத்தைப் பூட்டிவிடலாம், பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்றார் மாமா. ஆனால் சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பையும் பேரிங்கையும் சரியாக உட்காரவைத்து நட்டை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுரோட்டில் சக்கரம் கழன்று ஓடும். அதைச் சொல்லும்போதே பேரிங் அவர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. பனியனைக் கழற்றித் துடைத்தார். நட்டு மரையில் பிடிக்கவில்லை. பிடித்த மாதிரி வந்து மறுபடி வழுக்கியது. மாமாவுக்கு ஒரு வேலை கையில் நிற்காமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். நம்மில் தைரியசாலி அவர்தானே, அவருக்கே இப்படியென்றால் நாம் எல்லோரும் இங்கேயே செத்துப் போவோம் என்று நினைத்தேன்.

அக்கா தரையில் நகர்ந்து நகர்ந்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெற்று முதுகில் கையை வைத்தாள்.

"அவசரப்படாம மாட்டுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

அந்த இரண்டு வரியைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு பிடித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாமா கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டு மறுபடி நட்டைத் திருகினார். இந்த முறை பிடித்தது. மறுபக்கத்துச் சக்கரத்தையும் அப்படியே பூட்டினார்.

காற்று கடலூர்ப் பக்கம் அடித்ததால் சிதம்பரம் சாலையில் போனோம். அக்கா என் மடியில் சாய்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து முன்சக்கரத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மருத்துவமனையில் டாக்டர், எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். மாமா கிரீஸ் கையோடு நின்றார்.

"இவ முன்னாடியே சொன்னா சார். நாந்தான் கேக்கல."

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் மாடிப்படி ஏற முடிவதில்லை. இப்போது குடும்பமே சிதம்பரத்தில் இருக்கிறது. ஜீப்பும் இருக்கிறது. மாமா புது ஷாஃப்ட்டுகளைப் பிறகு மாட்டினார். ஒரு பக்கத்தை முடித்து, ஓட்டிப் பார்த்து, அடுத்த வாரம்தான் மறுபக்கத்தைத் திறந்தார். பாம்புக் கதையை அவர் சொல்லிக் கேட்டு வெகுநாளாகிறது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். காபி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா பேச்சுவாக்கில், என்னவோ வாசனை வருகிறதே என்றாள். மாமாவின் டம்ளர் தரையில் உருண்டது. நான் நிமிர்வதற்குள் அவர் அலமாரியிலிருந்த பம்ப்பை எடுத்துக்கொண்டு, ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று அக்கா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"கருவாடாவே இருக்கட்டும். நீ ஏறு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுந்துபோய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.