மூப்பர் மரோலோப்பின் கை

நாற்பத்தோரு வருடம் கூடவே வாழ்ந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை, ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவில், ஊர் முன்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

என் கணவர் மரோலோப், பெரிய ஏரியின் நடுவே இருக்கிற சமோசிர் தீவில் எங்கள் சின்னச் சபைக்கு மூப்பர். வெங்காயம் போடுவார், ஏரியில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பார். எங்கள் ஆலயத்தில் ஆர்கன் கிடையாது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் ஞானப்பாட்டு கிளம்பும். முப்பது வருடமாக ஒரே வேகம். பாட்டு முடிவதற்குள் எனக்கு இரண்டு கொட்டாவி வந்துவிடும்.

முரசு என்றால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. பேயைக் கூப்பிடுகிற சத்தம் என்பார். அவருடைய அப்பா, போதகர் சொன்னாரென்று தன் முரசுகளை ஆலய வாசலில் போட்டுக் கொளுத்தியவர். அதற்காகவே என் மாமனாரை அப்போது மூப்பராக்கினார்கள். எங்கள் மகன் ஹிசார் ஒரு கிதார் வாங்கிவந்து வாலிபர் கூட்டத்தில் வாசித்தபோது, இவர் அதைப் பிடுங்கிப் படிக்கட்டில் அடித்து உடைத்தார். பையன் அந்த வாரமே பாத்தாம் தீவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பதினோரு வருடம் ஆயிற்று. என்னோடு போனில் பேசுவான். வீட்டுக்கு வாடா என்றால், "அப்பா இருக்கிற வீட்டுக்கு நான் வரலம்மா" என்பான்.

புதிதாக வந்த போதகர் ரெந்தாவுலி முப்பது வயதுப் பெண். சபைக் கூட்டத்தில் துணிந்து பேச்சை எடுத்தார். "ஆராதனையில தாகானிங் வாசிப்போமே. நம்ம முரசு கர்த்தர் காதுல விழக்கூடாதா?"

என் கணவர் எழுந்தார். "அது உள்ள வந்தா நான் வெளிய போறேன், போதகரம்மா. மூப்பர் அங்கியையும் அன்னைக்கே கழட்டிக் குடுத்துடறேன்."

எனக்கோ உள்ளூர ஆசை. முரசுக்கே இடம் கொடுக்கிற சபைக்கு என் பிள்ளை ஒருநாள் திரும்பி வரமாட்டானா? மறுநாளே போதகர் வீட்டுக்குப் போய் அவர் காதில் ஓதிவிட்டேன்.

"என் தம்பி சவுத்தக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் இவரு எப்படி எந்திரிச்சுப் போறாருன்னு பாப்போம்."

போதகரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் பதாக் ஜனத்தில் பெண் கொடுத்த வீட்டாருக்குக் கடவுளுக்கு அடுத்த இடம். அவர்கள் வாசிக்கும்போது முதுகைக் காட்டிப் போகிறவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு அப்புறம் ஒருவரும் வரமாட்டார்கள்.

அந்த ஞாயிறு, தாகானிங்கின் ஐந்து முரசுகளை, ஒவ்வொன்றும் ஒரு சுதி, வரிசையாக மாட்டி அதன் பின்னால் சவுத் உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்த என் கணவர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வையாலேயே எரித்துவிட்டார்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சவுத் குழைந்தான்.

"வாசிங்க மச்சான்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

வாசித்தான். என் தம்பியைப் பற்றி நானே சொல்லக்கூடாது. வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலில் ஆட்டத்துக்குக் கொட்டிப் பழகியவன், அவனுக்குத் தெரிந்ததே மூன்று தாளம். முரசு ஒரு பக்கம் ஓட, சபை இன்னொரு பக்கம் இழுக்க, இரண்டாம் சரணத்தில் பாட்டு அறுந்தே போனது. பின்வரிசையில் சிரிப்பு. சவுத்துக்கு முகமெல்லாம் வியர்வை.

என் கணவர் எழுந்தார். அங்கியைக் கழற்றி, மடித்து, பெஞ்சில் வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். காலடிச் சத்தம் வாசல் பக்கம் போகவில்லை.

"மச்சான், குச்சியக் குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். உட்கார்ந்தார். அடித்தார்.

என்ன சொல்வேன்! அந்த ஐந்து முரசும் எங்கள் ஞானப்பாட்டின் ராகத்தையே பாடின. ஒரு அடி பிசகவில்லை. சபை அப்படியே எழுந்து நின்று பாடியது. போதகரம்மா வேத புத்தகத்தைக் கீழே போட்டதையும் கவனிக்கவில்லை. நான் பாடவில்லை. வாயைத் திறந்தபடி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கை இது?

ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"அப்பாகிட்ட."

"அவருதான் கொளுத்திட்டாரே!"

"கொளுத்துனது தோல் கிழிஞ்ச பழசு. நல்லது நெல்லுப் பரண்ல இருந்துச்சு. மழை பேயுறப்போ சொல்லிக் குடுப்பாரு, தகரக் கூரை சத்தத்துல வெளிய கேக்காது. முரசு பேயின்னு நீதான் முதல்ல கத்தணும், அப்பத்தான் ஒருத்தனும் நம்மளச் சந்தேகப்படமாட்டான்னு சத்தியம் வாங்கினாரு."

அவர் எதிரே போய் நின்றேன். "அப்ப எம்புள்ள கிதாரை ஏன் உடைச்சீங்க?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அவன் வாசிக்கறப்போ கையப் பாத்தேன். அப்படியே என் கை, எங்கப்பா கை. அவரு வாசிச்சதப் பாத்த பெருசுங்க, எங்க வீட்டுல முரசு இன்னும் இருக்குன்னு கண்டுபுடிச்சுருவாங்கன்னு பயந்துட்டேன்."

பயமாம்! இவருடைய பயத்துக்கு என் பிள்ளை பதினோரு வருடம் அனாதையாகக் கிடக்க வேண்டுமா? அதுவரை வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. அக்கம்பக்கம் கேட்டிருக்கும், கேட்கட்டும். போனை எடுத்து ஹிசாரை அழைத்து, அவர் கையில் திணித்தேன்.

"எங்கிட்ட சொன்னத அவங்கிட்ட சொல்லுங்க."

"அம்மா? சாப்டியா?" என்றது பிள்ளையின் குரல்.

அவர் போனை என் பக்கம் நீட்டினார். நீயே வாங்கிப் பேசு என்று கெஞ்சுவதுபோல என்னைப் பார்த்தார். நான் வாங்கவில்லை.

"அம்மா? கேக்குதா?"

"அம்மா இல்லடா" என்றார். "நான்தான்."

ஹிசார் போனை வைக்கவில்லை.