பயத்தோடு போய் நின்ற எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா போன செய்தி எனக்கு ஒரு ஜெபக்குறிப்பாகத்தான் வந்தது. திருப்பதியில் மகள் வீட்டிலிருந்து சித்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் பூதலப்பட்டைத் தாண்டும்போது செல்போனை எடுத்துப் பார்த்தேன். நம் சபையின் ஜெபக் குழுவில், ‘நம் எஸ்தர் சகோதரியின் குடும்பத்தார் ஆறுதலுக்காக ஜெபிக்கவும்’ என்று யாரோ போட்டிருந்தார்கள். கீழே ஆமென், ஆமென், கைகூப்பிய படம், மறுபடி ஆமென். பதினேழு ஆமெனுக்குப் பிறகுதான் ஒரு மகராசி, “ஏன், எஸ்தர் அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தாள். என்ன ஆச்சு என்று தெரியாமலே பதினேழு பேர் ஆமென் சொல்லியிருக்கிறீர்கள். நான் அழுவதைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மாள், “ஏமாயிந்தி அம்மா?” என்று தெலுங்கில் விசாரித்தாள். அக்கா போய்விட்டாள் என்றேன். “சொந்த அக்காவா?” என்றாள். 

சபைப் பத்திரிகைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். “நீங்கதானேம்மா அவங்களுக்கு ரொம்ப நெருக்கம்” என்றார். நாலு நல்ல வார்த்தையை அடக்கத்தன்றே நீங்கள் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டீர்கள். எப்போதும் சிரித்த முகம் என்றீர்கள். சந்தோஷத்துக்குச் சாட்சி என்றீர்கள். எல்லாம் வாஸ்தவம். அந்தச் சிரித்த முகத்தை ஏழு வருஷம் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது யார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிறேன். செயலாளர் இதைப் பத்திரிகையில் போடுவாரோ, அடுப்பில் போடுவாரோ, அவர் பாடு.

எஸ்தர் அக்காவோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது மாங்கூழ் ஃபேக்டரியில். அவர் லேபில் கூழின் இனிப்பும் புளிப்பும் பார்த்துக் குறிப்பவர். நான் டின் அடைக்கும் பகுதியில் மேற்பார்வை. சீசன் சூடு பிடித்திருந்த ஒரு மத்தியானம், வாசலில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு ஏறவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். அந்த மாதிரி வருவது அது முதல் தடவை இல்லை, ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா லேபிலிருந்து வந்து என்னைக் காலி மாங்காய்க் கிரேட்டின்மேல் உட்கார வைத்தார்.

“இன்னாமே லீலா, பயமாக்கீதா?”

தலையாட்டினேன்.

“அப்ப பயமாக்கீதுன்னு அவர்கிட்ட சொல்லு. அழகா சொல்ல வாணாம்.”

எனக்காக அவரே சொன்னார். நாமெல்லாம் கண்ணை மூடினால் ‘தேவரீர்’ என்று ஆரம்பிப்போம். அவர் கண்ணைத் திறந்தபடி, மிஷின் சத்தத்தில், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோலப் பேசினார். “ஆண்டவரே, லீலாவுக்கு பயமாக்கீது. எனக்கும் பயமாத்தான் கீது. நீங்க கொஞ்சம் இங்க குந்துங்க. லாரி சத்தம் ஜாஸ்தி, பரவால்ல, குந்துங்க.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்தில் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். படபடப்பு உடனே நின்றுவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன், பொய்யாகிவிடும். கால் மணி நேரம் இருந்தது. ஆனால் அந்தக் கால் மணி நேரமும் நான் தனியாக இல்லை. அடுத்த சனிக்கிழமை அவரே என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனார். “ஜெபமும் பண்ணு, மாத்திரையும் போடு. ரெண்டுக்கும் சண்டை இல்ல” என்றார். இந்த விஷயம் இன்றுவரை உங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததற்குக் காரணம் எஸ்தர் அக்காவின் வாய்.

நம் வாயைப் பற்றி இப்போது சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாட்டு முடிந்ததும், “ஜெபக்குறிப்பு இருந்தா சொல்லுங்க” என்பார்கள். உடனே ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “பேரு சொல்ல விரும்பல...” என்று ஆரம்பிப்பாள். பெயர் ஒன்றுதான் பாக்கி இருக்கும். எந்தத் தெரு, எத்தனை பெண், எந்தப் பெண் எவனோடு பேசுகிறாள், எல்லாம் வந்துவிடும். நாமும் உச்சுக்கொட்டி, கண்ணை மூடி, ஜெபித்துவிட்டு, டீ வருவதற்குள் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். குழாயடியில் சொன்னால் அதற்குப் பெயர் புறணி. முக்காடு போட்டுச் சொன்னால் ஜெபபாரம். எஸ்தர் அக்கா அந்தக் கூட்டத்தில் குறிப்பே சொன்னதில்லை. “உங்களுக்கு ஒண்ணுமே இல்லியாக்கா?” என்று கேட்டால், “கீது. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டேன்” என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாயிற்று. இருபத்திரண்டு வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவருக்கு அன்று படியேறக் கால் வரவில்லை. கோயில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “லீலா, எனக்கு இந்த பயம் சின்ன வயசுலேருந்து கீது. பதினோரு வருஷமா மாத்திரை துன்றேன். உன்கிட்டதான் சொல்றேன், உன்னோட வெச்சிக்கோ” என்றார். சரிக்கா என்றேன்.

வைத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே பெண்கள் சங்கத்தில், ஜெபக்குறிப்புச் சீட்டு கேட்டபோது, நான் என் பெயர் போடாமல் எழுதிப் போட்டேன். கண்ணீரோடுதான் எழுதினேன். அக்காமேல் இருந்த பாசத்தில்தான் எழுதினேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவின் பெயரையும் போடவில்லை. ‘ஞாயிறு பள்ளி நடத்தும் ஒரு சகோதரி, மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறார், பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று எழுதினேன். நம் ஞாயிறு பள்ளியில் அன்றைக்கு இருந்தது இரண்டே பேர். இன்னொருவருக்கு மீசை உண்டு.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சொன்னது யார் என்பதுதான் தெரியாது. நான்தான் சொன்னேன். அதை எழுதத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் ஜெபித்தீர்கள். வீடு தேடிப் போய்த் தலையில் கை வைத்து ஜெபித்தீர்கள். பதினொரு கை என்று அக்கா எண்ணியிருக்கிறார். “கழுத்து புடிச்சிக்கிச்சுமே, ரெண்டு நாள் திரும்பவே முடியல” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒரு பெரியம்மாள், “விசுவாசிக்கு கவலை வரலாமா? மாத்திரை போட்டா ஆண்டவர்மேல நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார். அக்கா, “நீங்க சுகர் மாத்திரை போடறீங்களேம்மா, அது எந்த நம்பிக்கைல?” என்றார். அதிலிருந்து வாய்க்காரி என்ற பட்டமும் சேர்ந்தது. ஒரு மாதத்தில் கமிட்டி கூடி, அவருக்கு ‘ஓய்வு’ கொடுத்தது. பிள்ளைகளுக்கு முன்னால் சந்தோஷமான முகம் வேண்டுமாம். இந்தச் சபையிலேயே சிரிக்கத் தெரிந்த ஒரே ஆளை சந்தோஷம் போதாது என்று நீக்கினீர்கள். கமிட்டியில் பெண்கள் சார்பில் நானும் இருந்தேன். நானும் கை தூக்கினேன். கை தூக்காவிட்டால் என்மேல் சந்தேகம் வரும் என்று பயந்தேன். என் மாத்திரையும் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அன்றைக்கு அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆண்டவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஃபேக்டரியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து கத்திரிக்காய்க் குழம்பில் பாதியை என் மூடியில் வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்குமா? “யார்க்கா சொல்லியிருப்பாங்க?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டவள் நான்! அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அத கேக்காத லீலா. கேட்டா நான் பதில் சொல்லணும். துன்னு.”

சாப்பிட்டேன். அவர் கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். கோபிக்காததை நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஏழு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் கண்ணை மூடும்போது திறந்துகொண்டு, உதடு அசைய என்னவோ பேசுவார். நடுவில் சிரிப்பார். அதைப் பார்த்து, புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னவர்களும் நம்மில் உண்டு. ஒருநாள் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், “இவ்ளோ பண்ணாங்களேக்கா, எப்படி சிரிக்கிற?” என்று.

“பயம் போனாதான் சிரிப்பேன்னு ஒக்காந்துக்கினு இருந்தா நான் சிரிக்காமலே செத்திருப்பேன். பயம் போவல. நான் பயத்தோடவே போயி நிக்கறேன். ஒருநாளும் அவரு, போய் சரியாயி வான்னு தொரத்தல. நீங்கல்லாம் தொரத்தனீங்க. அவரு தொரத்தல. அத நெனச்சா சிரிப்பு வருதும்மே.”

நீங்கல்லாம் என்றார். அதில் நானும் உண்டு என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவர் பேச்சை மாற்றி, தோத்தாபுரி மாங்காய் இந்த வருஷம் புளிப்பு என்றார்.

கடைசியாகப் பார்த்தது திருப்பதி ஆஸ்பத்திரியில். சேர்த்திருக்கிறார்கள் என்று லேபில் கூட வேலை செய்தவர் சொல்லிப் போனேன். பாதி ஆளாக இருந்தார். இடது கை போர்வைக்குள் இருந்தது. என்னக்கா உடம்புக்கு என்றேன். “ஒடம்புல சத்து இல்லியாம், ட்ரிப்ஸ் ஏத்தறாங்க” என்றார்.  இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். “அக்கா, அன்னிக்கி...” என்று ஆரம்பித்தேன். அவர் வலது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார்.

“ஆண்டவரே, லீலா ஏழு வருஷமா ஒண்ணு சொல்ல வந்துக்கினே கீறா. எனக்கு எப்பவோ தெரியும்னு அவகிட்ட சொல்லுங்க. நான் அத தூக்கிக்கினு திரியலன்னும் சொல்லுங்க. அவளுக்கு நெஞ்சு படபடங்கறது கொறையணும்.”

நான் அழுது முடிக்கும்வரை கையை விடவில்லை. பிறகு நான் கேட்டேன், “உனக்கு நான் என்னா ஜெபிக்கட்டும்க்கா?”

“எனக்கு இன்னாமே. நான் நல்லாத்தான் கீறேன்.”

எட்டாம் நாள் பஸ்ஸில் அந்தச் செய்தி வந்தது. சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது என்பதை அடக்கத்தன்று அவருடைய தம்பி மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வாரத்தில் இரண்டு நாள் திருப்பதி போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவாராம். அதற்கு ஊசி ஏறும் இடது கையைத்தான் ஆஸ்பத்திரியில் போர்வைக்குள் வைத்திருந்தார். அதே பஸ்ஸில் நானும் நாலைந்து தடவை போயிருக்கிறேன். “சும்மா ஒரு வேலை லீலா” என்று சொல்லி ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் என் மகள், என் மருமகன், என் படபடப்பு என்று வழி முழுக்க நானே பேசிக்கொண்டு போனேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, பயத்தை மறைக்காமல், சரியாகாமல், அப்படியே போய் ஜெபத்தில் நிற்பது. இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். சில நாள் சந்தோஷம்கூட வருகிறது. ஆண்டவர் என்னையும் துரத்தவில்லை.

இன்னொன்று இது. எஸ்தர் அக்கா என்னை மன்னித்துவிட்டார். மறுபடி நம்பவில்லை. சாகப்போகிற உடம்போடு என் கையைப் பிடித்து எனக்காக ஜெபித்தவர், அவருக்காக ஜெபிக்க எனக்கு ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.