முதல் ஆட்டம் ஏறியவர்

காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததுமே ஸ்டோர் கீப்பர் சொன்னார்: "ஃபிட்டர் பொன்னுசாமி அண்ணன் போய்ட்டாருங்க. தூக்கத்துலயே மாரடைப்புங்க." டிபன் கேரியரும் கையுமாக அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், ராட்டினமும் ஆடும் கப்பலும் செய்து பொருட்காட்சிகளுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பும் நம் ஷெட்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. 'கப்பலைக் கண்டால் குழந்தையாகிவிடுவார்' என்று, கம்பெனி நண்பர்களே, நீங்கள் இழவு வீட்டு வாசலிலும் சொல்லிச் சிரித்தீர்கள். வெட்கமில்லாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"நாம ஏறாத ராட்டினத்துல ஊரான் புள்ளைய ஏத்தப்படாது" என்பது முதலாளியின் சட்டம். மணல் மூட்டைகளை வைத்து ஓட்டிப் பார்த்ததும், படம் வரைந்த இஞ்சினியர் முதல் ஆளாக ஏற வேண்டும். எனக்கோ மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அதை மறைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

நான் வரைந்த முதல் கப்பல் தயாராகி நின்ற அன்று நான் ஏறாமல் போல்ட்டுகளையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்ததைப் பொன்னுசாமி அண்ணன் ஒருவர்தான் கவனித்தார். கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். "ஏனுங்க மொதலாளி, மொத ஆட்டம் நான் போறனுங்க. சின்ன வயசு ஆசைங்க. இஞ்சினியரு சுச்சுக்கிட்ட நின்னாத்தானுங்க எனக்குத் தெம்பு." முதலாளி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இருக்கை அவருக்கு, சுவிட்ச் எனக்கு என்று ஆகிப்போனது. ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை. சொன்னால் பயத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

பிறகு வெளியூர்ப் பூங்கா ஒன்றுக்குப் பொறுப்பாளரை அனுப்ப வேண்டியிருந்தது. அவர் பல வருடம் ஆசைப்பட்ட வேலை அது. முதலாளி என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "பொன்னுசாமிக்கு வெளையாட்டுப் புத்தி. கொழந்தையாட்ட ஏறி உக்காந்துக்கறான். அவனை நம்பி எப்படி அனுப்பறது?" நான் வாயைத் திறந்திருந்தால் போதும். 'அப்படியானால் நீ ஏன் ஏறவில்லை?' என்ற கேள்வி வருமே என்று, மேசையிலிருந்த படத்தை மும்முரமாகப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். வேலை வேறொருவருக்குப் போனது. "உடுங்க இஞ்சினியரே, வெளியூர்த் தண்ணி நமக்கு ஒத்துக்காது" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

காரியம் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குத் தனியாகப் போய், எல்லாவற்றையும் அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"அவருக்கும் ஒசரம் ஆகாதுங்க தம்பி. வால்பாறைக்கு டூர் போனப்ப மூஞ்சியத் துண்டுல மூடிட்டே வந்தாரே, தூங்குனாருன்னா நெனச்சீங்க? கப்பல் ஓடற அன்னைக்குக் காத்தால பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு."

"அப்புறம் ஏனுங்க ஏறினாரு?"

"நானும் கேட்டனுங்க. 'அந்தத் தம்பி இப்பத்தான் வேலைக்கு வந்துருக்குது, பேரு கெட்டுப்போயிரும்'னு சொல்லுவாரு."

கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

நண்பர்களே, அவர் விளையாட்டுப் புத்திக்காரர் அல்ல. நம் கம்பெனியில் விளையாட்டுக்கு ஏறாத ஒரே மனிதர் அவர்தான். முதலாளியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இனி சொல்லி அவருக்கு என்ன பயன்?

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். கப்பல் பாதி உயரம் போனதும் கீழேயிருந்து நான் கத்துவேன்: "அண்ணா, இன்னும் வேகம் வெக்கட்டுங்களா?" கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, சிரித்த முகத்தோடு தலையை ஆட்டுவார். ஒவ்வொரு முறையும் நான் வேகத்தைக் கூட்டினேன்.