ஹோசியத் ஓபாவும் ஒரு பால்பல்லும்

செய்தி வந்தபோது மணி நாலே கால். உஸ்பெகிஸ்தானின் கோக்கந்த் கால்பந்து அகாடமியின் மருந்தறையில் ஹோசியத் ஓபா ஒரு பையனின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் கிடந்த அவருடைய கைபேசி அதிர்ந்து அதிர்ந்து கீழே விழும் இடத்துக்கு வந்துவிட்டது.

"என் கையெல்லாம் களிம்பு. விழறதுக்குள்ள எடுத்து நீயே படி" என்றார்.

அன்று மாலை ஆறு மணி ஆட்டத்தில் அகாடமியை நடத்தும் கிளப்பின் பெரிய அணிக்கு யார் யார் இறங்குகிறார்கள் என்ற பட்டியல் அது. பத்துப் பெயரை ஒரே மூச்சில் படித்த பையன் பதினொன்றாவதில் நின்றுவிட்டான்.

"ஓபா... நாப்பத்தேழாம் நம்பர். மிர்ஃபைஸ்."

"எந்த மிர்ஃபைஸ்?"

"ஊர்ல எத்தனை மிர்ஃபைஸ் இருக்கான்? நம்ம மிர்ஃபைஸ்தான்! மாத்து ஆளா இல்ல ஓபா, ஆரம்பத்துலயே இறங்குறான்!"

பாதிக் கட்டோடு அவன் கட்டிலிலிருந்து குதித்தான். "கத்தாதடா, கால் வீங்கும்" என்று அதட்டிய ஓபா அடுத்த நொடியே கதவைத் திறந்து, நடைபாதை அதிர அதே பெயரைக் கத்தினார். சமையலறையில் பலாவ் சோறு கிளறிக்கொண்டிருந்தவர் அகப்பையோடு வெளியே ஓடிவந்தார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தாராம்.

உடம்பு சரியில்லாமல் போனது பெரிய அணியின் இடது ஓர ஆட்டக்காரருக்கு. காலையில் தெருவில் வாங்கித் தின்ற சம்சா அவர் வயிற்றைப் புரட்டிப் போட்டிருந்தது. அந்த இடத்தில் திடீரென்று மிர்ஃபைஸ்.

விஷயம் ஒரு ஆட்டத்தோடு முடிவதில்லை. மிர்ஃபைஸின் குழு அந்த மே மாதத்தோடு அகாடமியை விட்டு வெளியேற வேண்டும். குழுவில் பத்தொன்பது பேர். பெரிய அணியில் சம்பளம் வாங்கி ஆடும் ஒப்பந்தம் மூன்று பேருக்குத்தான். இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாவதுக்கு மிர்ஃபைஸும், ஆறடி உயர டோனியோரும் போட்டி. செவ்வாய்க்கிழமை முடிவு. கிடைக்காதவன் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் ஓபாவுக்கு மட்டும் தனிப் படபடப்பு இருந்தது. காகிதத்தில் மிர்ஃபைஸுக்குப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் அவனுக்குப் பதினாறுதான்.

ஹோசியத் ஓபா இருபத்திரண்டு வருடம் குழந்தைகள் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். அகாடமிக்கு வரும்போது பந்து உருண்டை என்பதைத் தவிர கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நூற்றிருபது பையன்கள் தங்கியிருக்கும் விடுதிக்கு வேறு யாரும் வரச் சம்மதிக்கவில்லை. தன் மூன்று பிள்ளைகளும் திருமணமாகிப் போய், வீடு அமைதியாகிவிட்டதால் இவர் வந்தார். பையன்கள், பயிற்சியாளர்கள், வாசல் காவலர் என்று அத்தனை பேருக்கும் அவர் மூத்த அக்கா, ஓபா. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை எல்லாம் எழுதுவார். கால் முதலில் நீளும், பிறகுதான் முதுகு. உட்கார்ந்த உயரத்தைப் பார்த்தால் ஒருவன் இனி எவ்வளவு வளருவான் என்று ஓரளவு சொல்லிவிடலாம். குதிகாலைத் தூக்கி ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்க அவருக்கு அளவுகோலே தேவையில்லை. "கழுத்து நரம்பு புடைக்குது பாரு. இறங்குடா" என்பார்.

நாலரை வருடத்துக்கு முன், ஒரு டிசம்பர் புதன்கிழமை, மிர்ஃபைஸ் வாயில் ரத்தத்தோடு அந்த அறைக்கு வந்தான். பதின்மூன்று வயதுக் குழுவிலேயே குள்ளமானவன் அவன். வெள்ளிக்கிழமை நீக்கப் பட்டியல் ஒட்டுவார்கள். அதில் அவன் பெயர் இருக்கும் என்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"டோனியோர் முழங்கையால இடிச்சு என் பல்லை உடைச்சுட்டான் ஓபா" என்று உள்ளங்கையை நீட்டினான்.

ஓபா பல்லை விளக்கடியில் புரட்டிப் பார்த்தார். உடைந்த பல் இல்லை. அடியில் வேரே இல்லாமல், குழிந்து, வழவழவென்றிருந்தது. பால்பல். தானாக விழுகிற நேரம் பார்த்து முழங்கை பட்டிருக்கிறது.

"உனக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

"நிஜமா?"

"நிஜமாத்தான். பேப்பர்ல இருக்கே!"

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இன்னும் இரண்டு பால்பற்கள். கையில் தடவிப் பார்க்க ஒரு ரோமம் கிடையாது. அவனை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவன் அம்மா நசீபாவுக்குப் போன் போட்டார். நசீபா கேட்டதுமே அழத் தொடங்கினாள்.

"ஓபா, வயசைக் குறைச்சுக் காட்டினாத்தானே தப்பு? கூட்டிக் காட்டினதுக்கும் போலீஸ் வருமா?"

"போலீஸ் கிடக்கட்டும். ஏன் கூட்டின, அதைச் சொல்லு."

கணவனும் அவளும் ரஷ்யாவின் ஓரன்பர்கில் கட்டட வேலை பார்த்தபோது ஒரு வாடகை அறையில் பிறந்தவன் அவன். ஊர் திரும்பியபோது அவனுக்கு ஐந்து வயது, பிறப்பே பதிவாகியிருக்கவில்லை. இருவரும் பருத்தி ஆலைக்குப் போய்விட்டால் பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அண்ணன் பள்ளிக்கூடம் போகிறான். இவனையும் அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று பதிவு செய்யும்போது, பள்ளியில் சேர்க்கும் வயது வரும்படி, ஒன்றரை வருடம் கூட்டிச் சொல்லிவிட்டாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

ஓபா கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல், பனியில் மைதானத்தைக் குறுக்கே நடந்து எல்லோரும் ஆகா, அண்ணன் என்றழைக்கும் பயிற்சியாளர் எர்காஷ் ஆகாவிடம் போனார். பல்லை அவர் மேசையில், தேநீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கதையைக் கேட்ட எர்காஷ் ஆகா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஓபா, பதினைஞ்சு வருஷமா கோச்சா இருக்கேன். மீசை வெச்சவன் வந்து பன்னெண்டுன்னு நின்னிருக்கான். பைக்குள்ள சவரக்கத்தி வெச்சுக்கிட்டு பதினொண்ணுன்னு சத்தியம் பண்ணியிருக்கான். வயசைக் கூட்டிக்கிட்டு வந்தவனை என் ஜென்மத்துல பாத்ததில்ல!"

"அப்போ இப்போ பாத்துக்கங்க எர்காஷ்ஜான். நீங்க அவனை ஓடலை, இடிக்கலைன்னு திட்டுறீங்க. பதினொண்ணே முக்கால் வயசுப் பையன் பதிமூணு வயசுக்காரங்களோட அஞ்சு மாசமா ஆடிக்கிட்டிருக்கான். அதை யோசிச்சீங்களா?"

சிரிப்பு நின்றது. எர்காஷ் ஆகா பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பேப்பரைத் திருத்தினா?"

"நீங்களே சொல்லுங்க."

"கோர்ட்டுக்குப் போகணும். கால்பந்து அகாடமிலேருந்து வந்து பையன் வயசைக் குறைச்சுக் கொடுங்கன்னு கேட்டா, நீதிபதி நம்மளையே உள்ள வைப்பாரு. தப்பித் தவறி நம்பினாலும், போற இடமெல்லாம் மத்த டீம்காரன் புகார் கொடுப்பான். ஆட விடமாட்டான்."

"அப்போ பேப்பர் கிடக்கட்டும். அவன் இங்கேயே இருக்கட்டும். வளரட்டும்."

"கிளப்ல கேட்டா என்ன சொல்ல? பால்பல்லைக் காட்டவா?"

"அந்த லிஸ்டுல அவன் பேரை எழுதினீங்கன்னா, என் வெள்ளைக் கோட்டையும் மடிச்சு அவன் பையிலயே வெச்சு அனுப்பிடுங்க. நானும் கிளம்புறேன்."

எர்காஷ் ஆகா வெள்ளிக்கிழமை ஒட்டிய பட்டியலில் மிர்ஃபைஸ் இல்லை.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தன்னைவிட ஒன்றரை வயது மூத்தவர்களோடு தினமும் மோத வேண்டிய பையன் மோதாமலிருக்கக் கற்றுக்கொண்டான். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பான். டோனியோர் தோளைச் சாய்த்துக்கொண்டு வந்து சேரும்போது பந்து அங்கே இருக்காது. சில சமயம் மிர்ஃபைஸும் இருக்கமாட்டான். "பேயைப் பிடிக்கப் போற மாதிரி இருக்கு ஓபா, கைக்கு ஒண்ணுமே சிக்கல" என்று டோனியோரே முட்டியில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு புலம்புவான். பெரிய உடம்புக்காரர்கள் பதினான்கு வயதில் உடம்பால் ஜெயித்தார்கள். இவனுக்கு அந்த வழி அடைபட்டிருந்ததால் வேறு வழிகள் எல்லாம் திறந்துகொண்டன.

மூன்று வருடம் அளவுகோல் அசையவேயில்லை என்று சொல்லலாம். கிளப்பிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொரு டிசம்பரும் அவனை நீக்கச் சொல்வார்கள். எர்காஷ் ஆகா ஒவ்வொரு டிசம்பரும், "இருக்கட்டும், பாக்கலாம்" என்பார். பிறகு ஒரு வசந்தத்தில் ஆரம்பித்தது பாருங்கள்! மாதம் ஒரு சென்டிமீட்டர். ஓபா இரண்டு முறை அளந்தார், அளவுகோலைச் சந்தேகித்து வேறொன்றால் அளந்தார். காகிதத்தில் பதினேழை நெருங்குகிறவன் பதினான்கு வயதுக்காரனைப் போல நீண்டுகொண்டே போவதைப் பார்த்து விடுதியே சிரித்தது. முட்டிக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்றதும் ஓபா அவனை ஆறு வாரம் மைதானத்தில் இறங்கவிடவில்லை. எர்காஷ் ஆகா கெஞ்சினார், கோபித்தார், பலிக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில்தான் ஓபா அவனிடம் உண்மையான வயதைச் சொன்னார்.

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்போ இத்தனை வருஷம் சும்மாவே கிழவனா இருந்திருக்கேனா?" என்று கேட்டுவிட்டு, கட்டில் ஆட ஆடச் சிரித்தான்.

அப்படி வந்தவன்தான் அந்த மே மாதம், ஆறு மணிக்கு, நாற்பத்தேழாம் எண் சட்டையில், அரங்கின் சுரங்கப்பாதை வாசலிலிருந்து ஓடி வெளியே வந்தான்.

ஓபா மருந்துப் பையோடு அந்த வாசல் ஓரத்தில் நின்றார். கூட்டத்தில் நீளப் பித்தளைக் குழல்கள் முழங்கின. மேல் படிகளிலிருந்து சூரியகாந்தி விதைத் தோல் மழைபோல உதிர்ந்து அவர் தலைத்துணியில் விழுந்தது. அகாடமிப் பையன்கள் மொத்தப் பேரும் ஒரு மூலையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எர்காஷ் ஆகா உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் இருந்தவர் மூன்று முறை திட்டியும் உட்காரவில்லை.

எதிரே ஆடிய தலைநகர அணியின் வலது தடுப்பாட்டக்காரருக்கு முப்பத்திரண்டு வயது, தொடை இரண்டும் தூண். முதல் பத்து நிமிடத்திலேயே மிர்ஃபைஸை இரண்டு முறை புல்லில் உருட்டினார். இருபதாவது நிமிடம் அந்த அணி கோல் போட்டது. ஓபாவுக்குப் பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப் போனது. அவனை வெளியே எடுத்துவிடுவார்களோ? ஒரு பாதியோடு முடிந்துவிடுமோ?

எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் அவன் தலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தான். இடது, வலது. இடது, வலது. ஓபாவுக்கு அது தெரியும். அதைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது. தூண்தொடைக்காரர் மூன்றாவது முறை பாய்ந்து வந்தார். பந்து அங்கே இல்லை. அவர் தன் வேகத்திலேயே விளம்பரப் பலகைவரை போய்விட்டார். கூட்டம் சிரித்தது. அடுத்த முறையும் அதே கதை. அறுபத்தெட்டாவது நிமிடம் மிர்ஃபைஸ் பந்தை ஒரே தொடலில், பார்க்காமலேயே, இரண்டு பேர் நடுவே தள்ளினான். அது ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. மறுபக்கம் ஓடிவந்த முன்கள ஆட்டக்காரர் அதை அப்படியே வலைக்குள் அடித்தார்.

கோல்! ஓபா கையை உயர்த்தினார். அதே நேரம் ஓரத்தில் துணை நடுவரின் கொடியும் உயர்ந்தது. மேலே யாரோ ஆஃப்சைட் என்று கத்தினார்கள்.

"ஆஃப்சைடா? அப்படின்னா என்ன? யாரு தப்பு? இவன் தப்பா?" என்று பக்கத்திலிருந்த அகாடமி வாசல் காவலரின் கையைப் பிடித்து உலுக்கினார். எட்டு வருடம் அகாடமியில் இருந்தும் அந்த ஒரு விதி அவருக்கு ஏறவேயில்லை.

"கொஞ்சம் இருங்க ஓபா, திரையில பாக்குறாங்க."

நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அரங்கமே காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. பிறகு நடுவர் கையை நடு மைதானத்தை நோக்கி நீட்டினார். கோல் செல்லும். குழல்கள் வெடித்தன. காவலர் ஓபாவைத் தூக்கியேவிட்டார். மேலே எர்காஷ் ஆகா, பின்னாலிருந்து திட்டிய அதே ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஒப்பந்தம் மிர்ஃபைஸுக்கு வந்தது.

அன்று மதியம் டோனியோர் விடைபெற வந்தான். ஓபா அவனுக்குப் பையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் முட்டிக்கட்டுகளும் வைத்துக் கொடுத்தார். "பேய்கிட்ட தோத்துட்டேன் ஓபா" என்றான். அவர் அவனுடைய பெரிய தோளை எட்டித் தட்டினார். அந்தீஜான் நகரில் இரண்டாம் நிலை அணி ஒன்று இப்போது அவனை எடுத்திருக்கிறது.

ஒப்பந்தக்காரர்களுக்குத் தனியாக மருத்துவக் கோப்பு திறக்க வேண்டும். மிர்ஃபைஸின் கோப்பை ஓபா அன்றே எழுதினார். பெயர், ரத்த வகை, உயரம், எடை. பிறந்த தேதிக்குக் காகிதத்தில் உள்ளதையே மையால் எழுதினார். பிறகு நசீபாவைக் கூப்பிட்டார்.

"பேப்பர் அப்படியே இருக்கட்டும். எனக்கு மட்டும் சொல்லு. எந்த நாள் பிறந்தான்?"

"மார்ச்சுல ஓபா. நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன்னாடி, ஓடையில பனி உடைஞ்ச வாரம். தேதி அவங்க அப்பாவுக்குத்தான் தெரியும், மறுபடி ரஷ்யாவுக்கு வேலைக்குப் போயிருக்காரு, வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

"மறக்காம கேளு. அடுத்த வருஷம் அன்னிக்கு அவனுக்கு நான் ஒரு கேக் வெட்டணும்."

அப்பா ஆகஸ்டில் வந்தார். ஹோசியத் ஓபா ஜூலை பத்தொன்பதாம் தேதி, மதிய வெயிலில், மருந்தறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். இதயம் என்றார்கள்.

இப்போது அந்த அறையில் வேறொருவர் இருக்கிறார். மிர்ஃபைஸின் கோப்பில், மையால் எழுதிய தேதிக்குக் கீழே, பென்சிலில் 'மார்ச்' என்று இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு எண் எழுதுமளவு இடம் விட்டிருக்கிறது. எண் எழுதப்படவில்லை.