சீட்டெண்ணத் தோதான மேஜை

இருபத்தொன்று என்னும் சீட்டாட்டத்தில் வெல்வது எளிது. வெல்லவிடுகிற மேஜையைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். எழுபதுகளின் நடுவில் ஏறத்தாழ ஓராண்டு, திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் அந்தத் தொழிலைச் செய்தேன். ஆடியவர் என் கணவர் வரதராஜன். மேஜையைத் தேர்ந்ததும் சீட்டை எண்ணியதும் நான். வறுமையால் செய்தேன் என்று எழுதினால் அது பொய். புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். படித்தது எங்கேயாவது பலிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். கணவனின் நாற்காலிக்குப் பின்னால் ஆட்டம் முடியக் காத்திருந்து பழகிய சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு என் வெட்கம் விளங்காது.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு. வேண்டுமானால் மேலும் கேட்கலாம். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டும். கட்டைப் பிடித்துச் சீட்டுப் போடுகிறவருக்கு ‘பேங்க்’ என்று பெயர். எல்லோரும் அவரோடுதான் மோதுவார்கள். சின்ன எண்கள் முதலில் கழிந்துவிட்டால், மிச்சக் கட்டில் பத்துகளும், பத்தாகவே எண்ணப்படும் படச் சீட்டுகளும் மிகுந்திருக்கும். அது ஆடுகிறவனுக்கு நல்ல நேரம், பேங்குக்குக் கெட்ட நேரம். அப்போது பந்தயத்தை ஏற்ற வேண்டும். இதற்கு, கழிந்த சீட்டெல்லாம் கண்ணில் பட வேண்டும். கட்டு முடியும்வரை மறுபடி கலைக்கக் கூடாது. இந்த இரண்டு ஒழுக்கமும் உள்ள பேங்கைத்தான் ஊர் ஊராகத் தேடினேன்.

பெரியபாளையத்து மர நிழல்

ஆடி மாதத்தில் அம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தை நம்பி, வேப்பமரத்தடியில் துண்டை விரித்து ஒருவர் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டுதலுக்கு வந்தவளைப் போல நின்று நான் அரைமணி நேரம் பார்த்தேன். ஒவ்வொரு கைக்கும் கட்டைக் கலைத்தார். கலைக்கும்போதே இரண்டு சீட்டு அவர் உள்ளங்கையோடு போய்விட்டன. எனக்கு உதவாத மேஜை என்று திரும்பியபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, வந்ததுலேர்ந்து கட்டையே பாத்துக்கினு கீற. கையில ஒண்ணும் தெரியாது, என் மூஞ்சப் பாரு, அதுலதான் தெரியும்.”

காக்களூர் மன்றம்

தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாடகை அறையில் கூடி ஆடினார்கள். நாற்காலி, மின்விசிறி, சோடா எல்லாம் உண்டு. பெண்கள் உட்காரச் சுவரோரம் ஒரு பெஞ்சும் இருந்தது. அங்கே எனக்குக் கணக்கே பிடிபடவில்லை. இரண்டு கட்டுகளைச் சேர்த்து ஆடினார்கள். கழிந்த சீட்டைக் கவிழ்த்து அடியில் செருகினார்கள். கனவான்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பதுதான் அதன் பொருள். நான் கவலையோடு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்ததை, போல்ட் பட்டறை முதலாளி ஒருவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். என் கணவரின் தோளில் தட்டிக் கேட்டார்.

“இன்னா நைனா, ஊட்டுக்காரம்மாவயும் கூட்டிக்கினு வந்துட்ட, டப்பு போச்சுன்னா அழறதுக்கா?”

தாலி

அந்தக் கேலியிலிருந்துதான் எங்கள் சைகை பிறந்தது. சூதாடுகிறவனின் மனைவி பயந்துபோய்த் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் யார் சந்தேகிப்பார்கள்? கட்டு எங்கள் பக்கம் சாயும்போது ஒருமுறை ஒற்றினால் பந்தயத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டு முறை ஒற்றினால் கையிலிருப்பது எல்லாவற்றையும் வைக்க வேண்டும். யோசனை என்னுடையது. பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவள் நான்; எதைக் கருவியாக்குகிறேன் என்று தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ள வழியில்லை. என் கணவருக்கே முதலில் கூச்சமாக இருந்தது. நான்தான் அதட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“சரி, ஆனா இதை யாராவது நெஜம்னு நம்பிட்டா நீதான் பதில் சொல்லணும்.”

புதுவாயலில் கிடைத்தவர்

முனுசாமி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் ஆட்டம், அவரே பேங்க். ஒரே கட்டு. கழிந்த சீட்டுகளைப் பாயில் வரிசையாக மல்லாக்க அடுக்கினார். கடைசிச் சீட்டு வரை கலைக்கவில்லை. என் தேடலில் இப்படிப்பட்ட மேஜை வேறு ஒன்றும் வாய்த்ததில்லை.

அவர் மனைவி சரசு எனக்குத் தனியாக மணை போட்டு, சுண்டலும் கொடுத்தாள். கூரை பனையோலை, பல இடங்களில் ஆகாயம் தெரிந்தது. மழைக்கு முன்பே சிமெண்டு ஷீட் போடச் சேர்த்த தொகையைத்தான் அவர் பேங்காக வைத்து ஆடுகிறார், கொஞ்சம் கூடினால் சமையல் பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்கிறார் என்று அவளே சொன்னாள். ஆக, எனக்கு எல்லாம் தெரியும். அன்று முனுசாமி சீட்டை அடுக்கிக்கொண்டே என் கணவரிடம் சொன்னது இது.

“எல்லாம் மல்லாக்கத்தான் கெடக்கும், நல்லா பாத்துக்கோ சாரு. நாள பின்ன முனுசாமி அள்ளிட்டான்னு எவனும் பேசக் கூடாது.”

மூன்றாம் ஞாயிறு

முதல் இரண்டு வாரங்கள் ஏற்றமும் இறக்கமுமாகப் போயின. மூன்றாம் வாரம் சரசு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். நான் தாலியை ஒற்றினேன், அவளும் ஒற்றினாள். அவளுடையது மஞ்சள் கயிறு. நான் எப்போதெல்லாம் ஒற்றினேனோ அப்போதெல்லாம், தன் புருஷன் ஜெயிக்க வேண்டும் என்று அவளும் ஒற்றினாள். அது அவள் புருஷனைத் தோற்கடிக்கும் சைகை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் கட்டில் சின்ன எண்கள் அநேகமாக எல்லாம் பாயில் கிடந்தன. நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் போதும். அந்தக் கூரை பிழைத்திருக்கும். வைக்கவில்லை. கணக்கு அவ்வளவு துல்லியமாக வந்திருந்தது, அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முறை ஒற்றினேன். இரண்டு கையில் பேங்க் காலியாயிற்று. முனுசாமி சீட்டைக் கூட்டிக் கட்டி, பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். கிளம்பும்போது சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் உங்க கூடவே தானேக்கா ஒத்திக்கினேன். நீங்க எந்த சாமிய நெனச்சிக்கினீங்க?”

அமாவாசைக் குளம்

“எங்க ஊர்ப் பெருமாளை” என்று சொல்லிவிட்டுத்தான் அன்று தப்பித்தேன். அவள் அதை நம்பினாள். ஐப்பசி அமாவாசை அன்று திருவள்ளூர்க் குளக்கரையில், குறை தீர வெல்லம் கரைக்கிற கூட்டத்தில், ஈரத் தலையோடு அவளைப் பார்த்தேன். கூரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். தார்ப்பாய் கட்டியிருப்பதாகவும், மழை வந்தால் பேஜார்தான் என்றும், அவர் சீட்டைத் தொடுவதில்லை என்றும் சொன்னாள். அவள் வெல்லத்தைத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டதை நின்று பார்க்க முடியவில்லை. படிக்கட்டிலேயே உட்காரவைத்து, சீட்டு எண்ணியதையும் தாலி சைகையையும் ஒளிக்காமல் சொன்னேன். ஜெயித்த பணம் ஒரு பழைய ஸ்கூட்டராகி எங்கள் வாசலில் நிற்கிறது, விற்றுக் கொடுக்கிறேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தாலிக் கயிற்றை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள். பிறகு கேட்டாள். அதற்கு நான் ஆம் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

“ஸ்கூட்டரு கெடக்கட்டும். எங்க ஊட்டுக்காரரு சீட்ட கவுத்துப் போட்டு ஏமாத்திக்கினு இருந்திருந்தா, நீங்க எங்க ஊட்டாண்ட வந்தே இருக்க மாட்டீங்க, அதானக்கா?”

பிற்பாடு நெல் விளைச்சலை முன்கூட்டி மதிப்பிடும் உத்தியோகம் ஒன்று எனக்குக் கிடைத்தது, அதில் என் கணிப்பு பொய்த்துப்போன ஆண்டுகளில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.