முழுசா எறங்கணும்

போன மாதத்திலிருந்து அம்மாவின் கழுத்தில் ஒரு செல்போனைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பாதி சார்ஜ் இறங்கினாலே எனக்குப் பதறும், கழற்றிக்கொண்டுபோய்ச் சொருகிவிடுவேன். அம்மாவுக்கு அது ஆகாது. "இன்னும் பாதி கெடக்கே. அதுக்குள்ள ஏன் சொருகுத?" என்பாள். பேசுவது அம்மாதான், சட்டம் அப்பாவுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொல்கத்தாவில், ஜாதவ்பூர் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கிடர்பூர் சந்தையில் கப்பலில் வந்த வெளிநாட்டுச் சரக்கு என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு சார்ஜரும் நான்கு பேட்டரிகளும் வாங்கி வந்தார். அவற்றுக்கு அவர் பார்த்த ஆசாரம் இருக்கிறதே, எங்கள் பூஜை அலமாரி தோற்றுப்போகும். முனைகளைத் துணியால் துடைப்பார். சார்ஜ் ஏறும்போது, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. "முழுசா எறங்கணும். பாதியில ஏத்துனா அந்தப் பாதியையே ஞாபகம் வச்சுக்கிடும். அப்புறம் அதுக்கு மேல ஒழைக்காது." அந்தக் காலத்துப் பேட்டரிகளுக்கு அது ஓரளவு உண்மையும்கூட.

பேட்டரிகள் போனது டேப் ரெக்கார்டருக்குள். லோட்ஷெடிங் என்று கரண்ட் எப்போது போகும், யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கோ அந்த டேப் இல்லாமல் முடியாது. வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. அப்பா ஆபீசுக்கும் நான் பள்ளிக்கும் போய்விட்டால் பேச ஒரு ஜீவன் கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து சித்தி தன் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்தான் துணை. "எக்கா, நல்லா இருக்கியா? இங்க மழையே இல்ல, பாத்துக்கோ." வெங்காயம் உரித்தபடியே அம்மா அதற்குப் பதில் சொல்வாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிவேப்பிலையும் காப்பிப்பொடியும் வாங்க லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். பேட்டரியில் பாதி சார்ஜ் மிச்சம் இருந்தது. அப்பா சும்மா இருப்பாரா? சித்தியின் கேசட்டை ஓடவிட்டு வீட்டைப் பூட்டினார். ஒரு பக்கம் முடிந்தால் தானே மறுபக்கம் ஓடும் டேப் அது. "வர்றதுக்குள்ள எறங்கிரும்" என்றார்.

திரும்பி வந்தால் சந்தே எங்கள் வாசலில் நிற்கிறது. பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகி, சித்தியின் குரல் இழுத்து இழுத்து முனகலாகிவிட்டிருக்கிறது. எதிர்வீட்டு மாசிமா, நம் ஊர்க் கணக்கில் பெரியம்மா, அதுவரை எங்களைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை. அந்த அம்மாள்தான், என் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம், அவள் உயிருக்குப் போராடுகிறாள் என்று தெரு இளைஞர் கிளப் ஆட்களைக் கூட்டி வந்திருந்தாள். பூட்டு அப்போதுதான் உடைந்து விழுந்தது. மாசிமா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "பௌமா, துமி பாயிரே? தாஹோலே பெத்தோரே கே?" மருமகளே, நீ வெளியே என்றால் உள்ளே யார்?

அப்பா உள்ளே ஓடினார். ஒருவர் டேப்பை நிறுத்தக் கை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று சுத்தத் தமிழில் கெஞ்சினார். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ.

மாசிமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். மறுநாள் மத்தியானத்திலிருந்து மாசிமா தினமும் வரத் தொடங்கினாள். அம்மா வங்காளம் பேசக் கற்றது அப்படித்தான். அப்புறம் கேசட் கேட்க அவளுக்கு நேரமில்லை. பேட்டரி இறங்கவே மாட்டேன் என்று கிடந்து அப்பாவைப் படுத்தியது.

அப்பா இல்லை. மாசிமாவும் போய்விட்டாள். நானும் அம்மாவும் இப்போது சென்னையில் ஒரு ஃப்ளாட்டில். சுற்றிலும் தமிழ்தான். போன மாதம் நான் ஆபீசில் இருந்தபோது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், நான் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள். மறுநாளே அந்தச் செல்போன் கழுத்தில் ஏறியது. எதிர் ஃப்ளாட்காரர் நல்ல மனிதர், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "ஆன்ட்டி குரல் கேட்டுச்சுங்க. டிவின்னு நெனச்சுட்டோம்" என்றார்.

அவர் போனபிறகு அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசிமான்னா பூட்டை ஒடைச்சிருப்பா" என்றாள்.