பிராக்கோலிக்குக் கட்டிய மஞ்சள் அட்டை

தண்டலத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, தேசிங்கு போய்விட்டார் என்று போன் வந்தது. மாரடைப்பு. 'இன்னும் அவரிடம் அதைச் சொல்லவில்லையே' என்றுதான் முதலில் தோன்றியது. குவாலிட்டி பிரிவில் அவரோடு நின்ற உங்களிடமாவது இந்த இரங்கல் கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமான உதிரிபாகத்தில் நாம் மஞ்சள் அட்டை கட்டுவோம். ஹோல்டு. காரணம் தெரியும்வரை பாஸும் இல்லை, ரிஜெக்ட்டும் இல்லை. ஷிஃப்ட் முடிந்தால் நாமெல்லாம் அதை மறந்துவிடுவோம். தேசிங்கு வீடுவரை கொண்டுபோவார். சாம்பார் அடிப்பிடித்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்கிறார் என்று அவர் மனைவி அமுதா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரகடத்தில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். ஒரே வயது, ஒரே லைன். வீட்டுக்காரர் என்ற பந்தா அவரிடம் கிடையாது. ஒரு ஐப்பசியில், பின்பக்கத் தோட்டத்தில் கத்தரிச் செடிகளுக்குப் பக்கத்தில் ஸ்ப்ரவுட்டிங் பிராக்கோலி நட்டார். நம்ம ஊர் சூட்டுக்கு இதெல்லாம் வருமா என்று சிரித்தேன்.

"வராதுன்னு யார்னா செக் பண்ணாங்களா?" என்றார்.

பன்னிரண்டு நாற்றில் மழைக்கும் புழுவுக்கும் தப்பியது ஒன்றே ஒன்று. கார்த்திகையில் அதன் உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பச்சைப் பூங்கொத்து வந்தது. தினமும் ஷிஃப்ட்டுக்குப் போகுமுன் அதை வெர்னியர் வைத்து அளந்தார் மனுஷர்.

அந்தச் சமயம் பார்த்து, வாலாஜாபாத்தில் மச்சான் வீட்டுக் கல்யாணம். மூன்று நாள் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார். மூன்றாம் நாள் எனக்கு ஆசை தாங்கவில்லை. இதற்கு என்னதான் ருசி இருக்கும்? பிளேடால் அறுத்தேன், மிளகுத்தூள் போட்டு வதக்கினேன், தின்றேன்.

திரும்பி வந்ததும் செடியருகே குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார். "யார்பா இத்த அறுத்தது?"

"ஆடு மேஞ்சிருக்கும்யா."

"வெட்டு சாய்வா, நீட்டா கீது. ஆடு எப்போபா பிளேடு வாங்கிச்சு?"

நான் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டேன். அவர் கத்தியிருந்தால் அப்போதே உளறியிருப்பேன். கத்தவில்லை. மஞ்சள் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, ஏதோ எழுதி, இரண்டாக மடித்துச் செடியில் கட்டினார். பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார். "முருகேசா, வந்து பாரு! தலைய எடுத்தாதான் பக்கத்துல கெளம்புது! நானா இருந்தா பூக்கற வரைக்கும் பார்த்துகினு இருந்திருப்பேன்."

இலைக்கணு ஒவ்வொன்றிலும் விரல் பருமனில் ஒரு தளிர், நுனியில் குட்டி மொட்டுக்கொத்து. மஞ்சள் பூ விரியுமுன் தண்டோடு அறுக்க வேண்டும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும் என்பதையெல்லாம் அந்த ஒரே செடியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மாசி வெயில் ஏறும்வரை அமுதா தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார். கேன்டீனில் உங்களில் பலர் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவர் சொன்னதும் நினைவிருக்கும்: "அறுத்தவன் கெடச்சா கை குடுக்கணும்பா. அந்த மொத தலை இன்னா டேஸ்ட்டுன்னு கேக்கணும்."

இரண்டு முறை வாயைத் திறந்தேன். திருடியதற்குக் கைகுலுக்கல் வாங்க வெட்கமாக இருந்தது. பிறகு வீடு மாற்றி தண்டலத்துக்கு வந்துவிட்டேன்.

காரியத்தன்று அமுதா, சாயம் போன ஒரு மஞ்சள் அட்டையை என் கையில் வைத்தார். "இத்த உங்களாண்ட குடுக்கணும்னு பீரோவுலயே வெச்சிருந்தாருண்ணா." தேசிங்கின் கையெழுத்து.

பொருள்: பிராக்கோலி. குறை: தலையைக் காணோம். பொறுப்பு: முருகேசன். முடிவு: ஹோல்டு, அவனா வந்து சொல்ற வரைக்கும்.

அந்த அட்டை இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. தேசிங்கு, அறுத்தது நான்தான். தலை லேசாகக் கசந்தது. தண்டு நல்ல இனிப்பு.